வெப்பமண்டலப் பொதுச் சுகாதாரம்: டெல்டாவிலிருந்து வெளிநாடு போய்க் களத்தில் படிக்க ஒரு முழு வழிகாட்டி

மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்ட் ராஸ் கண்டது செகந்திராபாத்தில், 1897 ஆகஸ்ட் 20 அன்று. பிறகு அவர் பாடம் நடத்தப் போன இடம் லிவர்பூல். வெப்பமண்டல நோய்களுக்கென்றே லிவர்பூலில் 1898இலும் லண்டனில் 1899இலும் பள்ளிகள் வந்தன. நோய் இங்கே, படிப்பு அங்கே என்று அன்று ஏற்பட்ட பழக்கம் இன்னும் முழுதாக மாறவில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பிள்ளைகளும் இந்தப் படிப்புக்கு விமானம் ஏறத்தான் ஆசைப்படுகிறார்கள். போகட்டும். ஆனால் விரிவுரையை இன்று வீட்டில் இருந்தபடியே கேட்டுவிடலாம். அவ்வளவு பணம் கட்டிப் போவதற்கு ஒரே நியாயம், களத்தில் இறங்கிக் கையால் செய்து கற்பதுதான். அந்த ஒரு அளவுகோலை வைத்தே கீழே உள்ள எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன்.

யார் எதில் சேரலாம்

இதில் இரண்டு கிளைகள் உண்டு. வெப்பமண்டல மருத்துவம் என்பது நோயாளிக்குச் சிகிச்சை தருவது. அதற்கான டி.டி.எம். அண்ட் ஹெச். (வெப்பமண்டல மருத்துவமும் சுகாதாரமும்) டிப்ளமோ மருத்துவர்களுக்கானது. நர்சிங் படித்தவர்களுக்கு லண்டனில் தனியாக ஒரு வெப்பமண்டல நர்சிங் டிப்ளமோ இருக்கிறது.

பொதுச் சுகாதாரம் என்பது ஊருக்கு நோய் வராமல் பார்த்துக்கொள்வது. இதில் எம்.எஸ்சி., எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) படிப்புகளுக்கு விலங்கியல், நுண்ணுயிரியல், கால்நடை மருத்துவம், வேளாண்மை, சமூகப்பணி, புள்ளியியல் படித்தவர்களையும் எடுத்துக்கொள்கிறார்கள். டாக்டருக்குப் படிக்கவில்லையே என்று மன்னார்குடியிலோ பூண்டியிலோ விலங்கியல் முடித்த பிள்ளை தயங்க வேண்டியதே இல்லை. கொசுவைப் பற்றிய பாடத்தில் அந்தப் பிள்ளைதான் முன்வரிசையில் இருக்கும்.

முதல் படி: ஊரில் ஒரு மழைக்காலம்

விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்னால் டெல்டாவில் ஒரு வடகிழக்குப் பருவமழையை முழுதாகப் பாருங்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்பில் தொடங்கி, குறுவை அறுத்து, சம்பா நட்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழை ஓய்கிற வரை. நோயும் அந்த அட்டவணையோடு சேர்ந்தே நடக்கிறது.

தண்ணீர் நிற்கும் நெல் வயலில் பெருகுகிறது கியூலெக்ஸ் டிரைடீனியோரிங்கஸ் என்ற கொசு. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புவது அதுதான். கிருமி கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடமும் பன்றிகளிடமும் சுற்றிக்கொண்டிருந்து, இடையில் மனிதக் குழந்தைக்கு வந்து சேர்கிறது. இந்தியாவில் இந்த நோய் மனிதர்களிடம் முதலில் அறியப்பட்டது 1955இல், நம் வேலூர்ப் பகுதியில். வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது காயவிட்டுக் காயவிட்டு, தண்ணீர் விட்டால் நெல்லுக்கும் நல்லது, கொசுப்புழுவும் காய்ந்து சாகும் என்பதைத் தமிழ்நாட்டு வயல்களிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் இதில் நிறைய வேலை செய்தது. இதே கேள்வி ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது. கென்யாவின் முவேயாவிலும் தான்சானியாவின் லோயர் மோஷியிலும் பாசன நெல் வயலில் மலேரியாக் கொசு பெருகுவதைப் பல்லாண்டுகளாக ஆய்வு செய்கிறார்கள். அந்த வகுப்பில் உட்காரும்போது, மடையைத் திறந்து மூடிப் பார்த்தவருக்கும் படத்தில் மட்டும் பார்த்தவருக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

டெங்குக் கொசுவுக்கு வயல் வேண்டாம், வீடு போதும். குழாயில் தண்ணீர் நாள்விட்டு நாள் வருகிற ஊரில் குடம், டிரம், சிமென்ட் தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். ஏடிஸ் அங்கேதான் முட்டையிடும். கொல்லையில் கிடக்கும் உரல், டயர், தேங்காய்ச் சிரட்டை, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, இவையெல்லாம் மழைக்காலத்தில் சேர்ந்துகொள்ளும். கும்பகோணம் பக்கம் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் யானைக்கால் நோயாளிகள் இருந்தார்கள். அதைப் பரப்பும் கியூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸ் சாக்கடைத் தண்ணீரை விரும்புகிற கொசு. யானைக்கால் நோயைத் தரும் நுண்புழு இரவில்தான் ரத்த ஓட்டத்துக்கு வரும். அதனால்தான் பரிசோதனைக் குழு இரவு பத்து மணிக்கு மேல் வந்து கதவைத் தட்டியது. மாத்திரை வழங்கி முடித்த மாவட்டங்களில் நோய் மீண்டும் தலைதூக்குகிறதா என்று பார்க்க, இப்போது 6, 7 வயதுப் பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். வெளிநாட்டு வகுப்பில் வாரக்கணக்கில் நடத்தப்படும் பாடம் இது. உங்கள் ஊர்ச் சுகாதார ஆய்வாளரிடம் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பாதி புரிந்துவிடும்.

நாற்று நடும் பெண்களின் பித்தவெடிப்பு வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகிறது. அறுப்பு நேரத்தில் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் வரப்பில் கிடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இப்போது அந்தப் பட்டியலில் 21 இருக்கின்றன. எலிக்காய்ச்சல் அதில் இல்லை. ஏன் இல்லை என்று ஒரு நேர்முகத் தேர்வில் நீங்களே பேச்சைத் தொடங்கினால், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

எப்படி இறங்குவது? உங்கள் கல்லூரித் துறையிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வட்டார மருத்துவ அலுவலரைப் பாருங்கள். மாவட்டச் சுகாதார அலுவலரின் அனுமதி வேண்டும் என்று சொன்னால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி அனுமதியை வைத்து வீடு வீடாகப் போகாதீர்கள். பிறகு சுகாதார ஆய்வாளரோடும் கொசு ஒழிப்பு மஸ்தூர்களோடும் வார்டில் நடங்கள். கற்றுத் தருபவர்கள் அவர்கள்தான். தொட்டிக்குள் எட்டிப் பார்க்கும் புதுப்பிள்ளையிடம் அவர்கள் முதலில் சொல்வது இந்த மாதிரி இருக்கும்: "தம்பி, சட்டுனு குனியாதீங்க. நிழல் பட்டாலே புழு அடிக்குப் போயிடும். பக்கவாட்டுல நின்னு டார்ச் அடிங்க." வெள்ளைக் கரண்டியால் தண்ணீரை மொண்டு ஒரு நிமிடம் அசையாமல் வைத்திருந்தால் புழு மேலே வரும். தண்ணீர்ப் பரப்போடு ஒட்டிப் படுத்திருந்தால் அனாபிலிஸ். தலைகீழாகத் தொங்கினால் கியூலெக்ஸ் அல்லது ஏடிஸ். மூச்சுக்குழல் குட்டையாக, தடித்து இருந்தால் ஏடிஸ். இதைக் கண்ணால் பிரிக்கப் பழகிவிட்டால், அங்கே நுண்ணோக்கி முன்னால் உட்காரும்போது பயம் இருக்காது.

கணக்கும் அங்கேயே பழகலாம். 100 வீடு பார்த்ததில் 8 வீட்டில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 8. அந்த 100 வீட்டிலும் சேர்த்துப் புழு இருந்த பாத்திரங்கள் 13 என்றால் பிரட்டோ குறியீடு 13. எந்த வகைப் பாத்திரத்தில் அதிகம், அந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, அபேட் என்ற கொசுப்புழு மருந்து ஊற்ற வந்தபோது யார் கதவைத் திறக்கவில்லை, ஏன் திறக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விதான் பொதுச் சுகாதாரம். மற்றதெல்லாம் பூச்சியியல்.

நோயாளியின் படத்தை எடுக்காதீர்கள், பெயரை நோட்டில் எழுதாதீர்கள். வீங்கிய காலைக் காட்டுகிற பாட்டி உங்களை நம்பித்தான் காட்டுகிறார்.

இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் பக்கத்திலேயே வழி இருக்கிறது. புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய வி.சி.ஆர்.சி. எனும் நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம், பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. நடத்துகிறது. சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் இதற்கென ஒரு துறை உண்டு. சிலருக்கு இவற்றில் ஒன்றே போதும், வெளிநாடு தேவைப்படாது. அதையும் யோசித்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: எந்த ஊர், எந்தப் படிப்பு

பெயரைப் பார்த்து மயங்காமல், ஒவ்வொரு படிப்பின் அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பி இவற்றைக் கேளுங்கள். மொத்தப் படிப்பில் களத்தில் இருப்பது எத்தனை வாரம்? அது எல்லோருக்கும் கட்டாயமா, விருப்பப் பாடமா? களப்பயணச் செலவு கட்டணத்துக்குள் வருகிறதா, தனியா? ஆய்வுக் கட்டுரைக்கு நானே தரவு சேகரிக்கலாமா, அல்லது ஏற்கெனவே உள்ள தரவைக் கணினியில் அலசச் சொல்வீர்களா? களத்தில் என்னை வழிநடத்துபவர் அந்த நாட்டுக்காரரா? சுற்றி வளைத்துப் பதில் வந்தால், அந்தப் படிப்பில் களம் பெரும்பாலும் விளம்பரப் படத்தில் மட்டும்தான் இருக்கும்.

இனி இடங்கள். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: டெல்டாப் பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டிய திசை மேற்கு அல்ல, கிழக்கு.

வங்கதேசமும் டெல்டாதான். டாக்காவில் உள்ள பிராக் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பி. கிராண்ட் பொதுச் சுகாதாரப் பள்ளி, எம்.பி.எச். படிப்பைக் கிராமத்தோடு சேர்த்து நடத்துவதற்குப் பெயர் வாங்கியது. அதே நகரில்தான் ஐ.சி.டி.டி.ஆர்.,பி. என்ற வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதன் களமான மட்லபில் 1966 முதல் வீடு வீடாகப் பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு எல்லாம் பதிவாகி வருகிறது. இவ்வளவு காலம் தொடர்ந்து பதிவு செய்த கிராமப்புறம் உலகத்திலேயே குறைவு. உப்பு சர்க்கரைக் கரைசலை வீட்டுக்குள் கொண்டுபோன கதையும் அந்த மண்ணுடையதே. 1980 முதல் பத்தாண்டு காலம் பிராக் பணியாளர்கள் ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குப் போய், மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று தாய்மார்களுக்குக் கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு வேறொருவர் போய் அந்தத் தாயிடம் கேட்பார். அவர் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாரோ, அதைப் பொறுத்தே சொல்லிக்கொடுத்தவருக்குச் சம்பளம். நம் கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒரே நாளில் எத்தனை பதிவேடு நிரப்புகிறார் என்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். விசா நிலவரத்தை மட்டும் விண்ணப்பிக்கும் நேரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாங்காக்கில் மஹிதோல் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் புலம் 1960இல் தொடங்கியது. அதன் வளாகத்திலேயே வெப்பமண்டல நோய்களுக்கான மருத்துவமனையும் இருக்கிறது. காலையில் பாடம், பக்கத்துக் கட்டடத்தில் நோயாளி. மியான்மர் எல்லையில் மே சோட் பகுதியில் மலேரியா ஆய்வு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஒட்டுண்ணியியலில் கை பழக வேண்டும் என்றால் மஹிதோலை முதல் வரிசையில் வையுங்கள். சாப்பாடும் தட்பவெப்பமும் ஒத்துப்போகும், செலவும் ஐரோப்பாவைவிடக் கணிசமாகக் குறைவு.

ஐரோப்பாவில் லண்டனும் லிவர்பூலும் தவிர, பாசலை ஒட்டி சுவிஸ் வெப்பமண்டலப் பொதுச் சுகாதார நிறுவனம், ஆன்ட்வெர்ப்பில் வெப்பமண்டல மருத்துவ நிறுவனம், ஆம்ஸ்டர்டாமில் கே.ஐ.டி. எனும் வெப்பமண்டல நிறுவனம், ஜெர்மனியில் ஹைடல்பெர்க், பெர்லின் ஆகியவை இருக்கின்றன. இவற்றில் பல டிராப்எட் என்ற கூட்டமைப்பில் சேர்ந்தவை. அதன் வழியாகப் படித்தால் அடிப்படைப் பாடத்தை ஒரு நாட்டிலும் மேற்பாடங்களை வேறு நாடுகளிலும் முடிக்கலாம். பாசல் நிறுவனத்துக்குத் தான்சானியாவின் இஃபகாரா ஆய்வு நிறுவனத்தோடு நெடுங்கால உறவு உண்டு. மருத்துவர் என்றால், லண்டன் பள்ளி தான்சானியாவிலும் உகாண்டாவிலும் நடத்தும் கிழக்கு ஆப்பிரிக்க டிப்ளமோவையும், பெருவில் லிமா நகரில் நடக்கும் கோர்காஸ் படிப்பையும் பாருங்கள். இரண்டிலும் நோயாளியின் கட்டில் அருகில் நின்றுதான் பாடம். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் டுலேன் பல்கலைக்கழகமும் இந்தத் துறையில் பேர் பெற்றவை.

ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரம் ஆப்பிரிக்காவில் 'குளோபல் ஹெல்த் அனுபவம்' தருகிறோம், சான்றிதழும் உண்டு என்று லட்சங்களில் கேட்கும் ஏஜென்சிகள் பெருகிவிட்டன. உங்கள் ஊரில் உங்களுக்கு ஊசி போட அனுமதி இல்லை என்றால் இன்னொரு நாட்டிலும் இல்லை. அந்த மாதிரிச் சான்றிதழை நல்ல பள்ளி எதுவும் மதிப்பதும் இல்லை.

மூன்றாம் படி: பணம்

லண்டன் மாதிரி இடத்தில் ஓராண்டு முதுகலைக்குக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்தால் 40 லட்சத்தைத் தாண்டிவிடும். ஜெர்மனியில் பொதுப் பல்கலைக்கழகங்கள் மலிவு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தத் துறையின் முதுகலைகள் பல தனிக்கட்டணப் படிப்புகள். தவிர 2024 செப்டம்பர் முதல் மாணவர் விசாவுக்கு ஓராண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் அளவாக மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும். நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வேண்டும், அதற்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

உதவித்தொகைகளில் பலரும் கவனிக்காத ஒன்றை முதலில் சொல்கிறேன். ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பட்டியலினத்தவருக்கு மட்டுமானது அல்ல. சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பம், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பம் ஆகியோருக்கும் அதில் இடம் உண்டு. கூலிக்கு நடவு நட்டுப் பிள்ளையைப் படிக்க வைத்த வீடுகள் டெல்டாவில் எத்தனை! குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், முந்தைய பட்டத்தில் 60 சதவீதம், வயது 35க்குள் என்பது நிபந்தனை. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் குறிப்பிட்ட இடத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் ஒரே துறையை மட்டும் நடத்தும் வெப்பமண்டலப் பள்ளிகள் பல, எவ்வளவு பேர் பெற்றவையாக இருந்தாலும், பொதுத் தரவரிசையில் இடம்பெறுவதில்லை. எனவே பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் எது என்று பாருங்கள். பாசல் நிறுவனத்தில் படித்தால் பட்டம் தருவது பாசல் பல்கலைக்கழகம்.

தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை தருகிறது. பிரிட்டனுக்குக் காமன்வெல்த், செவனிங் உதவித்தொகைகள். ஜெர்மனிக்கு டாட் (டி.ஏ.ஏ.டி.) என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பின் வளர்ச்சி சார்ந்த முதுகலைத் திட்டம். ஐரோப்பாவுக்கு எராஸ்மஸ் முண்டஸ். செவனிங்குக்கும் டாட் திட்டத்துக்கும் இரண்டாண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். செவனிங்கில் படித்தவர் இரண்டாண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் உண்டு.

கல்விக் கடன் வாங்குவதென்றால், 7.5 லட்சத்துக்கு மேல் போகும்போது வங்கி பெரும்பாலும் அடமானம் கேட்கும். நஞ்சை நாலு ஏக்கர் இருக்கிறதே என்று பட்டாவை எடுத்துக்கொண்டு போனால் மேலாளர் தலையை ஆட்டமாட்டார். கடன் வசூலுக்கான சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பதால், வீட்டையோ வீட்டு மனையையோதான் கேட்பார்கள். இது தெரியாமல் கடைசி மாதத்தில் போய் நிற்பவர்கள் அதிகம்.

நான்காம் படி: விண்ணப்பம்

உதவித்தொகைகள் பலவற்றின் கெடு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைக்குள் வந்துவிடும். படிப்பு தொடங்குவது அதற்கு அடுத்த ஆண்டு செப்டம்பரில். அதனால்தான் முதல் மழைக்காலத்தைக் களத்தில் கழித்துவிட்டு, அடுத்த மழை தொடங்கும் முன் விண்ணப்பிக்கச் சொல்கிறேன். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வை மே, ஜூனிலேயே எழுதிவிடுங்கள். 6.5 அல்லது 7 கேட்கிற இடங்களே அதிகம்.

நோக்கக் கட்டுரைதான் பலர் சறுக்கும் இடம். 'சிறுவயது முதலே ஏழைகளுக்குச் சேவை செய்யும் கனவு' என்று தொடங்கும் கட்டுரை அவர்கள் மேசையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: 'எங்கள் பேரூராட்சியில் குடிநீர் நாலு நாளுக்கு ஒருமுறை வரும் தெருக்களில் சிமென்ட் தொட்டியிலும், தினமும் வரும் தெருக்களில் தூக்கி எறிந்த டயரிலும் ஏடிஸ் புழு அதிகம் இருந்தது. ஒரே ஊருக்கு ஒரே மாதிரி மருந்து ஊற்றுவது சரியா என்ற கேள்வி எனக்கு எழுந்தது. அதற்குப் பதில் தேட, இடம் சார்ந்த பகுப்பாய்வும் ஆய்வு வடிவமைப்பும் எனக்குத் தெரிய வேண்டும். உங்கள் படிப்பில் இன்ன பாடம் அதைத் தருகிறது.' பார்த்தது, எழுந்த கேள்வி, தெரியாதது, அங்கே கிடைப்பது. இந்த வரிசை போதும். இதெல்லாம் நீங்களே பார்த்ததாக இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நேர்காணலில் தொட்டியின் மூடி எப்படி இருந்தது என்று ஒரு கேள்வி வந்தாலே சாயம் வெளுத்துவிடும்.

பரிந்துரைக் கடிதம் ஒன்று பேராசிரியரிடம், இன்னொன்று உங்களைக் களத்தில் பார்த்த மருத்துவ அலுவலரிடம். பெரிய பதவியில் இருப்பவர் என்பதற்காக, உங்களைத் தெரியாத ஒருவரிடம் கெஞ்சாதீர்கள். காத்திருக்கும் மாதங்களில் மூன்று இலவச மென்பொருளைப் பழகிக்கொள்ளுங்கள்: கைப்பேசியில் கணக்கெடுக்க கோபோ டூல்பாக்ஸ், வரைபடத்துக்கு க்யூ.ஜி.ஐ.எஸ்., புள்ளிவிவரத்துக்கு ஆர்.

ஐந்தாம் படி: கிளம்பும் முன்

ஆறு மாதத்துக்கு மேல் பிரிட்டனில் தங்க வேண்டுமானால் காசநோய் இல்லை என்ற சான்று, அவர்கள் அங்கீகரித்த மையத்தில் எடுத்தது, விசாவுக்கே வேண்டும். சென்னைக்குப் போய் வர ஒரு நாளை ஒதுக்குங்கள்.

ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா பக்கம் களம் இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் போதும். அந்த நாடுகளுக்குப் போய்விட்டுச் சான்று இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் உண்டு. அந்த நோய் இங்கே இல்லை, ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி தெருத்தெருவாக இருக்கிறது. கிருமியோடு ஒரு ஆள் வந்து இறங்கினால் போதும்.

மலேரியா விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு அசட்டுத் தைரியம் உண்டு, 'கொசுக்கடி நமக்குப் பழகினதுதானே' என்று. டெல்டாவில் மலேரியா இன்று மிகக் குறைவு, ஆகவே உங்கள் உடம்பில் எதிர்ப்பும் இல்லை. தான்சானியாவின் ஃபால்சிபாரம் வகை ஆளைக் கொல்லும். மருத்துவரைக் கேட்டுத் தடுப்பு மாத்திரையை, போகும் முன்னும் திரும்பிய பின்னும் சொன்ன நாள்வரை விடாமல் சாப்பிடுங்கள். விலங்குகளோடு களவேலை என்றால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் முன்கூட்டியே.

ஆறாம் படி: அங்கே போன பிறகு

வகுப்பில் வாங்கும் மதிப்பெண் தானாக வரும். களத்தில் கிடைக்கும் வாய்ப்பு தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். முதல் மாதத்திலேயே ஆய்வகப் பொறுப்பாளரிடம் பேசி, கூடுதல் ஸ்லைடு பார்க்க அனுமதி கேளுங்கள். ரத்தத்தைத் தடிப்பாகவும் மெல்லியதாகவும் பூசி, ஜீம்சா சாயம் ஏற்றி, மலேரியாவின் வகையைப் பிரிப்பது ஸ்லைடுகளின் எண்ணிக்கையால் மட்டுமே வசப்படும். மலத்தில் புழு முட்டை எண்ணும் காட்டோ-காட்ஸ் முறையும் அப்படியே. மலத்தை அளக்கும் அச்சுத் துளையில் அடங்குவது 41.7 மில்லிகிராம், எனவே எண்ணியதை 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை என்று வரும். கேட்க எளிது. நாள் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளின் டப்பாக்களைத் திறந்து, வெயில் ஏறுவதற்குள் கொக்கிப்புழு முட்டைகளை எண்ணி முடிக்கும்போதுதான் அதன் அவசரம் புரியும். தாமதித்தால் அந்த முட்டைகள் ஸ்லைடிலேயே கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

உள்ளூர் மொழியில் வணக்கம், நன்றி, உள்ளே வரலாமா என்ற மூன்றையாவது போய்ச் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொள்ளுங்கள். களப்பணியாளர்களோடு ஒரே வண்டியில் போங்கள், அவர்கள் சாப்பிடும் இடத்தில் சாப்பிடுங்கள். நீங்களும் ஏழை நாட்டிலிருந்து வந்தவர்தானே என்று ஊர்மக்கள் உங்களிடம் ஐரோப்பிய மாணவரைவிடச் சீக்கிரம் பழகுவார்கள். சலுகைதான் அது, பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் கேள்வித்தாளோடு நிற்பவர், அவர்கள் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்ற ஏற்றத்தாழ்வு அங்கேயும் உண்டு. ஒப்புதல் படிவத்தைப் படித்துக்காட்டிவிட்டு, மறுக்கவும் உரிமை இருக்கிறது என்பதை அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

ஏழாம் படி: ஆய்வுக்கு டெல்டாவுக்கே வருவதானால்

பல பள்ளிகள் ஆய்வுக் கட்டுரைக்குச் சொந்த நாட்டுக்குத் திரும்பவும் அனுமதிக்கின்றன. நல்ல யோசனை. ஆனால் அனுமதிகளை எண்ணிப் பாருங்கள்: வெளிநாட்டுப் பள்ளியின் அறநெறிக் குழு, இந்தியாவில் உங்களை ஏற்கும் நிறுவனத்தின் அறநெறிக் குழு, மாவட்ட நிர்வாகம். வெளிநாட்டுக் கூட்டும் நிதியும் கலந்த சுகாதார ஆய்வு என்றால், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழியாகச் சுகாதார அமைச்சகப் பரிசீலனைக் குழுவின் ஒப்புதலும். ரத்த மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் அதற்கென்று தனியாக. மூன்று மாத ஆய்வுக்கு அனுமதி மட்டுமே அதைவிட அதிக நாள் எடுக்கலாம். எனவே படிப்பு தொடங்கிய முதல் பருவத்திலேயே உள்ளூர் வழிகாட்டியைப் பிடித்துவிடுங்கள். ரத்தம் எடுக்காத தலைப்பாக இருந்தால் பாதிச் சுமை குறையும். யானைக்கால் நோயாளிகளின் தினசரிக் கால் பராமரிப்பு, 2018 கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் குடிநீர் சேமிக்கும் பழக்கம் எப்படி மாறியது, நடவுப் பெண்கள் எலிக்காய்ச்சல் மாத்திரையை ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்கப்படாத கேள்விகள் நிறைய இருக்கின்றன.

எட்டாம் படி: திரும்பி வந்தால் வேலை

தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரத்துக்கென்றே தனி இயக்குநரகமும், 1939ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டமும் இருக்கின்றன. ஆனால் அதன் சுகாதார அலுவலர் பதவிகள் மருத்துவர்களுக்கானவை. மருத்துவர் அல்லாதவர் வெளிநாட்டு எம்.பி.எச். ஒன்றை மட்டும் வைத்து அங்கே நேராக நுழைய முடியாது. பூச்சியியல் வல்லுநர், தொற்றுநோயியல் ஆலோசகர், தரவு மேலாளர் போன்ற திட்டப் பணிகளும், ஐ.சி.எம்.ஆர். நிறுவனங்களின் ஆய்வுத் திட்டங்களும், தொண்டு நிறுவனங்களும், கல்லூரி ஆசிரியப் பணியும்தான் வழக்கமான வாசல்கள். அரசு வேலைக்கும் பிஎச்.டி.க்கும் பட்டத்துக்கு இணைச்சான்று (இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்ற சான்று) கேட்பார்கள். ஓராண்டு முதுகலைகளுக்கு இதில் சங்கடம் வந்ததுண்டு. சேருவதற்கு முன்பே இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திலும் பல்கலைக்கழக மானியக் குழுவிலும் நடப்பு விதியை எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பாடத்திட்டம், கள நாட்குறிப்பு, ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் என்ற விவரம் எல்லாவற்றையும் பள்ளியின் முத்திரையோடு வாங்கிக்கொண்டே விமானம் ஏறுங்கள். ஊருக்கு வந்த பிறகு அந்த அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் காத்திருப்பது பெரிய தலைவலி.